மச்சான்களின் தீவு: சமோசிர் நாட்குறிப்பு

வியாழன், மேடான்

சென்னையில் ஏறி, கோலாலம்பூரில் மாறி, மதியம் மேடானில் இறங்கினோம். நாங்கள் என்றால் நானும் மச்சானும். மச்சான் என் மனைவியின் அண்ணன். என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்று என் காலைக் கழுவிவிட்டு மோதிரம் வாங்கிக்கொண்டவர். ஊர் சுற்றுவதில் என்னைவிடச் சுறுசுறுப்பு, செலவில் என்னைவிடக் கெட்டி. விமான நிலையத்தில் விசாவுக்கு ஐந்து லட்சம் ருபியா என்றதும் அப்படியே நின்றுவிட்டார். நம் பணத்தில் மூவாயிரத்துக்கு உள்ளேதான் என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகே பையைத் திறந்தார்.

நாங்கள் போகிற இடம் சமோசிர். வடக்கு சுமத்ராவின் மலைகளுக்கு நடுவே தோபா என்றொரு பெரிய ஏரி, அதற்குள் கிட்டத்தட்ட சிங்கப்பூர் அளவுக்கு ஒரு தீவு. பத்தாக் மக்களின் தாயகம் அந்த ஏரிக்கரைதான். தோபா, காரோ, சிமாலுங்குன், பக்பக், அங்கோலா, மண்டைலிங் என்று பத்தாக்குகளில் பல பிரிவுகள் உண்டு. தீவில் இருப்பவர்கள் தோபா பத்தாக்.

மேடானில் தங்குவது இன்று ஒரு இரவுதான். சாயங்காலம் கம்போங் மெட்ராஸ் போய்வந்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் டெலிப் பகுதியின் புகையிலைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த தமிழர்கள் குடியேறிய பேட்டை இது. 1884ல் எழுப்பிய மாரியம்மன் கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. கோயிலில் பார்த்த பெரியவர் ஒருவர் நல்ல தமிழில் விசாரித்தார். பக்கத்தில் நின்ற அவருடைய பேரன் இந்தோனேசிய மொழியில் பதில் சொன்னான். நாங்கள் சமோசிர் போகிறோம் என்றதும் பெரியவர், "குளிரும், சால்வை எடுத்துக்குங்க" என்றார். சரி என்று தலையாட்டினோம். எங்களிடம் சால்வை இல்லை.

வெள்ளி, துக்துக்

காலையில் வண்டி பிடித்து விரைவுச் சாலையில் போய், பெமாத்தாங் சியந்தார் ஊரைத் தாண்டினோம். அதுவரை ரப்பரும் எண்ணெய்ப் பனையும்தான். பார்த்துப் பார்த்துச் சலித்துப்போகும். அப்புறம் சாலை மேலேறி, பைன் மரங்களுக்கு நடுவே ஒரு வளைவில் திரும்பியதும் கீழே ஏரி முழுதாகத் தெரிந்தது. ஓட்டுநர் கேட்காமலேயே வண்டியை ஓரங்கட்டினார்.

நூறு கிலோமீட்டர் நீளம், முப்பது கிலோமீட்டர் அகலம், ஆழமான இடத்தில் ஐந்நூறு மீட்டர். இருப்பதோ கடல் மட்டத்திலிருந்து தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில். இதை ஏரி என்று சொல்வதைவிட எரிமலை வாய் என்பது சரி. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே வெடித்த வெடிப்பு, கடந்த இருபது லட்சம் ஆண்டுகளில் பூமி கண்ட மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. வங்காள விரிகுடாவைத் தாண்டி இந்தியாவிலும் அதன் சாம்பல் விழுந்தது. ஆந்திராவில் கர்னூல் பக்கம் ஜ்வாலாபுரத்தில் தோண்டியபோது அந்தச் சாம்பல் அடுக்குக்குக் கீழேயும் கல்லாயுதம் கிடைத்தது, மேலேயும் கிடைத்தது. சாம்பல் விழுந்த பிறகும் அங்கே ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வெடித்துச் சரிந்த குழியில் தண்ணீர் நிரம்பியது. பிறகு அடியிலிருந்த பாறைக்குழம்பு மறுபடியும் முட்டித் தள்ள, ஏரியின் தரையே மேலெழுந்து வந்ததுதான் சமோசிர். அதனால்தான் தீவின் மேட்டுநிலத்தில் ஏரி வண்டல் கிடைக்கிறது. எழும்பும்போது மேற்குப் பக்கம் சாய்ந்துவிட்டது. கிழக்கிலிருந்து படகில் வருகிறவர்களுக்குச் செங்குத்தான சுவர் மட்டுமே தெரியும்.

பாராபாட் கரையிலுள்ள திகாராஜா துறையில் படகு ஏறினோம். 1949ல் டச்சுக்காரர்கள் இந்தோனேசிய அதிபர் சுகர்னோவைக் காவலில் வைத்திருந்த வீடு இந்த ஊரில்தான் இருக்கிறது, தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. படகில் ஏறியதும் மச்சான் முதலில் தேடியது உயிர்காப்புச் சட்டையை. 2018 ஜூனில் இதே ஏரியில் சிமானிந்தோவிலிருந்து திகாராஸ் போன சினார் பாங்குன் என்ற படகு, அளவுக்கு மீறி ஆளேற்றி மூழ்கியது. கிடைத்த உடல்கள் மூன்று. நூற்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இன்னும் தண்ணீருக்கடியில், நானூற்றைம்பது மீட்டர் ஆழத்தில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மச்சானைப் பார்த்து, சட்டை இருக்கும் பெட்டியை விரலால் காட்டினார். சிரிக்கவில்லை.

துக்துக் என்பது தீவிலிருந்து ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முனை. ஒவ்வொரு விடுதிக்கும் சொந்தமாக ஒரு படித்துறை இருப்பதால் படகுக்காரரே வாசலில் இறக்கிவிட்டுப் போகிறார். எண்பது, தொண்ணூறுகளில் மேலைநாட்டுப் பயணிகள் மாதக்கணக்கில் கிடந்த இடம். இப்போது கூட்டம் குறைவு, மேடானிலிருந்து வருகிற குடும்பங்கள்தான் அதிகம்.

ராத்திரிச் சாப்பாடு அர்சிக். முழு கெண்டை மீனை மஞ்சள், இஞ்சிப்பூ, சின்ன வெங்காயக் கீரையோடு சட்டியில் போட்டு, தண்ணீர் சுண்டும்வரை விடுகிறார்கள். இதன் உயிர் அந்தாலிமான் என்ற காட்டு மிளகு. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பச்சை மணி. கடித்தால் முதலில் எலுமிச்சை வாசனை, அப்புறம் உதட்டு ஓரத்தில் ஒரு துடிப்பு, அரை நிமிடத்தில் நாக்கு மரத்துப்போகிறது. காரம் என்று சொல்ல முடியாது, ஆனால் தண்ணீர் குடித்தாலும் போகவில்லை. மச்சான் இரண்டு மீன் சாப்பிட்டார்.

சனி, தோமோக், அம்பாரிதா

வாடகை ஸ்கூட்டரில் சுற்றினோம். சுற்றுலாப் பேருந்துகள் நிற்கும் இடங்களை ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று திட்டம்.

தோமோக்கில் படகுத்துறையிலிருந்தே சந்தை ஆரம்பம். பனியன், சாவிக்கொத்து, மரப் பல்லி. சந்தைக்கு மேலே சிடாபுத்தார் அரசர்களின் கல்லறைகள். உள்ளே போக ஒரு உலோஸ் துணியைத் தோளில் போட்டுவிடுகிறார்கள். ஒரே கல்லில் குடைந்த பெரிய பேழை, முன்புறம் அகன்ற கண்ணோடு ஒரு முகம், மூடியின் பின்கோடியில் தலையில் கிண்ணம் ஏந்திய ஒரு பெண் உருவம். அரசன் மணக்க நினைத்து நடக்காமல் போன அன்திங் மலேலா என்ற பெண் அவள் என்கிறார்கள். கிறிஸ்தவத்துக்கு மாறிய பின் வந்த அரசரின் கல்லறையில் சிலுவை இருக்கிறது. பழசை இடிக்காமல் பக்கத்திலேயே புதிதை வைத்துக்கொள்வது இந்தத் தீவு முழுக்கத் தெரிகிறது.

பக்கத்திலேயே சிகாலே-காலே. ஆள் உயர மரப்பொம்மை. பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கயிறுகளை இழுக்க, பொம்மை தலையைத் திருப்பி, கையை மடக்கி ஆடுகிறது. பிள்ளையில்லாமல் செத்தவருக்குப் பிள்ளை ஸ்தானத்தில் நின்று ஆடுவதற்காகச் செய்தது இது. போரில் இறந்த மகனை நினைத்து நோயில் விழுந்த ஒரு அரசனுக்காக முதலில் செய்ததாகக் கதை. நனைத்த பஞ்சைத் தலைக்குள் வைத்து அழவிடுவதும் உண்டாம். இன்று பொம்மை அழவில்லை. பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர் அதோடு வரிசையாக ஆடிப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அம்பாரிதாவில் ஹூத்தா சியல்லாகான் என்ற பழைய கோட்டைக் கிராமம். சுற்றிக் கல் சுவர், உள்ளே ஒரு வரிசை வீடுகள், நடுவே பெரிய மரத்தடியில் வட்டமாகக் கல் நாற்காலிகள். ஊர்ப் பஞ்சாயத்து நடந்த இடம். இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொரு கல் மேசை. தலைவெட்டு அங்கேதான் என்கிறார் வழிகாட்டி. குற்றவாளியின் உடம்பில் மந்திரம் இருக்கிறதா என்று கீறிப் பார்ப்பது, எலுமிச்சை பிழிவது, ஈரலைப் பங்கு போடுவது என்று ஒவ்வொன்றாக நடித்துக் காட்டினார். கூட்டத்திலிருந்து ஒருவரை இழுத்துப் படுக்கவைத்து மரக்கத்தியை ஓங்கியபோது எல்லாரும் கைதட்டினார்கள்.

எனக்கு இது பிடிக்கவில்லை. சுமத்ராவில் மனிதனைத் தின்கிறவர்கள் இருப்பதாக மார்க்கோ போலோ எழுதினார். பத்தாக்குகள் சில குற்றங்களுக்கு அதைத் தண்டனையாகவே வைத்திருப்பதாக ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் 1820ல் குறித்தார். வெளியாட்களை மலைக்கு வரவிடாமல் தடுக்க அந்தப் பேச்சு பத்தாக்குகளுக்கே உதவியிருக்கும் என்று தோன்றுகிறது. இப்போது அதே பேச்சு வெளியாட்களை வரவழைக்கிறது. ஆனால் அந்தக் கல் நாற்காலிகளில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் பேசிய பிறகு யார் பேசலாம் என்று கேட்டதற்கு வழிகாட்டியிடம் நேரமில்லை.

ஞாயிறு, துக்துக்

கடைகள் அடைப்பு. தீவே சர்ச்சுக்குப் போய்விட்டது. நாங்களும் விடுதி அம்மாவோடு போனோம். அவரை எல்லாரும் 'இனாங்' என்கிறார்கள். நாங்களும் அப்படியே கூப்பிடுகிறோம்.

தோபா பத்தாக்குகளில் பெரும்பாலோர் புரோட்டஸ்டண்ட். 1834ல் இந்தப் பக்கம் வந்த இரண்டு அமெரிக்கப் பாதிரிமார் கொல்லப்பட்டார்கள். 1862ல் வந்த ஜெர்மானியர் நொம்மென்சன் மொழியைக் கற்று, ஊர்த் தலைவர்களோடு பேசி, 1918ல் சாகும்வரை இங்கேயே இருந்துவிட்டார். அவர் கோயில் கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1878 முதல் 1907 வரை, பூசாரி அரசரான பன்னிரண்டாம் சிசிங்காமங்கராஜா டச்சுப் படையோடு காட்டுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் சுடப்பட்டு இறந்தார். இன்று இரண்டு பேர் படமும் ஒரே வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

பாட்டு பத்தாக் மொழியில். பாடகர் குழு என்று தனியாக இருந்தாலும், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்களே நாலு குரலாகப் பிரிந்து பாடுகிறார்கள். முன்னால் இருந்த கிழவர் தடித்த குரலில் அடித்தளம் போட, அவர் பேத்தி மேலே ஏறினாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

திரும்பி வந்து இனாங்கின் பழைய வீட்டைப் பார்த்தோம். இரண்டு முனையும் வானத்துக்கு ஏறிய சேணக் கூரை. பழைய காலத்தில் பனைநார் வேய்ந்திருந்தது, இப்போது துருப்பிடித்த தகரம். தூண்கள் மண்ணில் புதைக்காமல் கல் மேல் நிற்கின்றன. ஆணி கிடையாது. கீழ்த்தளம் மாட்டுக்கும் பன்றிக்கும், நடுவில் மனிதர், மேலே பரணில் பரம்பரைச் சாமான். கதவு சின்னது, ஏணியில் ஏறித் தலையைக் குனிந்துதான் நுழைய முடியும். முகப்பெல்லாம் சிவப்பு, கறுப்பு, வெள்ளையில் கொர்கா என்ற செதுக்கு வேலை. கதவின் இரு பக்கமும் நாலு முலைகள், அவற்றைப் பார்த்தபடி ஒரு பல்லி. பல்லி எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும், பத்தாக்கும் எந்த ஊருக்குப் போனாலும் பிழைப்பான், ஆனால் தாய்வீட்டை மறக்கமாட்டான் என்று இனாங் விளக்கினார். அவருடைய பிள்ளைகள் ஜகார்த்தாவிலும் பாத்தாமிலும் இருக்கிறார்கள்.

முக்கியமான விஷயம் சாயங்காலம் கள்ளுக்கடையில் நடந்தது. லாப்போ என்கிறார்கள். பலகைப் பெஞ்சு, கித்தார், பெரிய குடத்தில் துவாக். சர்க்கரைப் பனையிலிருந்து இறக்கிய கள், புளிப்பும் லேசான கசப்பும். இனாங்கின் தம்பி எங்களை உட்காரவைத்து முதலில் கேட்டது பெயரை அல்ல, மர்காவை. மர்கா என்பது அப்பா வழியில் வரும் குலப்பெயர். அது தெரிந்தால்தான் எதிரே இருப்பவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியும். இரண்டு பத்தாக்குகள் முதல் தடவை சந்தித்தால் தாரோம்போ என்ற வம்சாவளியைப் பின்னோக்கிச் சொல்லிச் சொல்லி, எந்தத் தலைமுறையில் ஒட்டுகிறது என்று கண்டுபிடித்த பிறகே பேச்சு தொடரும். எங்களுக்கு மர்கா இல்லை. சரி, நீங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் என்ன வேண்டும் என்றார். சொன்னேன்.

அவர் மூன்று கள் கோப்பைகளை மேசையில் முக்கோணமாக வைத்தார். மேலே ஒரு தட்டை நிறுத்தினார். அடுப்புக்கு மூன்று கல் இருந்தால்தான் சட்டி நிற்கும். தாலிஹான் நா தோலு என்று அதற்குப் பெயர். முதல் கல் ஹூலா-ஹூலா, நமக்குப் பெண் கொடுத்த வீடு. இரண்டாவது தோங்கான் துபு, ஒரே மர்காவில் பிறந்தவர்கள். நம்மூர்ப் பங்காளிகள். மூன்றாவது போரு, நாம் பெண் கொடுத்த வீடு. பங்காளியிடம் ஜாக்கிரதையாக இரு, போருவிடம் அன்பாக நடந்துகொள், ஹூலா-ஹூலாவைக் கும்பிடு. இதுதான் சட்டம். அமைச்சராக இருந்தாலும் மாமனார் வீட்டு விசேஷத்தில் எச்சில் தட்டு எடுக்கத்தான் வேண்டும். அதே அமைச்சர் தன் தங்கை புருஷன் வீட்டுக்குப் போனால் நடுக்கூடத்தில் உட்காருவார்.

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ மாப்பிள்ளை, இங்கே நான்தான் பெரிய ஆள்?"

"ஆமாம்," என்றார் இனாங்கின் தம்பி, மொழி புரியாமலே.

நமக்கு இதில் பாதி ஏற்கனவே தெரிந்ததுதான். தாய்மாமனை இவர்கள் துலாங் என்கிறார்கள். அவர் கைப்படாமல் ஒரு நல்லது கெட்டது நடக்காது. மாமன் மகளைக் கட்டுவது மிகவும் விரும்பப்படும் சம்பந்தம். முறைப்பெண்ணுக்குப் பாரிபான் என்று பெயர். ஒரே மர்காவுக்குள் கல்யாணம் கூடாது. ஆனால் அத்தை மகளைக் கட்ட முடியாது. பெண் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஒரே திசையில்தான் போகவேண்டும், திரும்பி வரக்கூடாது. வந்தால் யார் மேலே, யார் கீழே என்ற கணக்கு குழம்பிவிடும். நம்மூரில் பெண்ணைப் பெற்றவன் சம்பந்தி வீட்டு வாசலில் கைகட்டி நிற்கிறான். இங்கே பெண்ணை வாங்கியவன் சாகும்வரை கடன்காரன். வரதட்சணையும் தலைகீழ்: சினாமோத் என்ற பணத்தை மாப்பிள்ளை வீடுதான் கொடுக்கிறது. அந்தப் பேரத்தில் பெண்ணின் படிப்பும் கணக்கில் வரும் என்று சொல்லிச் சிரித்தார்கள்.

விடுதிக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். மச்சான் பின்னால் உட்கார்ந்து வந்தார், சாவியைக்கூடத் தொடவில்லை.

திங்கள், சிமானிந்தோ

காலையில் சிமானிந்தோவில் ஹூத்தா போலோன். சிடாவுருக் அரசரின் பழைய வளாகம், இப்போது அருங்காட்சியகம். கண்ணாடிப் பெட்டிகளில் பூசாரிகள் பயன்படுத்திய புஸ்தகா: மரப்பட்டையை விசிறி மடிப்பாக மடித்த ஏடு, அதில் மருந்து, ஜோசியம், மந்திரம். துங்கால் பனாலுவான் என்ற கோல், ஒரே கம்பில் மனிதரும் பாம்பும் பல்லியும் ஒருவர்மேல் ஒருவராக ஏறி நிற்க, உச்சியில் முடியோடு ஒரு தலை.

பத்தரை மணி வாக்கில் முற்றத்தில் ஆட்டம். நாற்காலியில் உட்கார்ந்திருந்தது மொத்தம் பதினைந்து பேர். வாசித்தவர்கள் அரங்கு நிறைந்தாற்போல வாசித்தார்கள். கொண்டாங் மேளத்தில் நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது தகானிங்கை. ஐந்து மத்தளங்கள் வரிசையாகத் தொங்குகின்றன, ஒவ்வொன்றும் ஒரு சுருதி. ஒரே ஆள் இரண்டு குச்சியால் அடித்து ராகத்தையே வாசிக்கிறார். அதன் மேல் சருனே என்ற நாதஸ்வர வகைக் குழல், அடியில் நாலு ஓகுங் சேகண்டிகள். தாளம் போடுவது சேகண்டி, பாடுவது தோல். உலகத்தில் மத்தளத்தைப் பாடவைக்கும் மேளங்கள் குறைவு.

முடிந்து கிளம்பி, கொஞ்ச தூரம் வந்ததும் சாலையை அடைத்துப் பந்தல். மறுபடியும் அதே மேளம், இந்தத் தடவை டிக்கெட் இல்லாமல். மின்விசைப் பலகை வாத்தியம் ஒன்றும் கூடச் சேர்ந்திருந்தது. சாவு வீடு. ஒதுங்கி நின்றோம். ஒரு பெரியவர் வந்து கையைப் பிடித்து இழுத்து உள்ளே உட்காரவைத்தார்.

இறந்தது ஒரு பாட்டி. பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கல்யாணம் ஆகி, பேரன் பேத்தி பார்த்துவிட்டுப் போனவர். சாவுர் மாத்துவா என்று இதைத் தனியாக வகை வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர்க் கல்யாணச் சாவு. இளவயதில் போயிருந்தால் மேளம் கிடையாது, அழுகை மட்டும்தான். இது எருமை வெட்டுகிற சாவு.

முற்றத்தில் திறந்த பெட்டி, பாட்டி மேல் உலோஸ் போர்த்தியிருந்தது. சுற்றிப் பிள்ளைகளும் மருமக்களும் வரிசையாக நின்று ஆடினார்கள். தோர்தோர் ஆட்டத்தில் துள்ளல் கிடையாது. குதிகாலை மெல்ல ஏற்றி இறக்குவதும், கையைத் திருப்புவதும்தான். ஒவ்வொரு முறைக்காரர் கூட்டமும் தலையில் அரிசிக் கூடையோடு வாசலில் வந்து நிற்கும். ஒலிபெருக்கிக்காரர் அவர்கள் யார், எந்த முறை என்று அறிவிப்பார். அதற்கேற்ற கொண்டாங்கைக் கேட்டு வாங்குவார். பிறகு ஆடியபடியே உள்ளே வருவார்கள்.

பாட்டியின் பிறந்தகத்தார் வந்தபோது முற்றமே மாறிப்போனது. அதுவரை தோரணையாக நின்ற பெரிய மகன், சட்டைப் பையில் தங்கப் பேனா செருகியவர், கைகூப்பிக் குனிந்தார். அவருடைய தம்பிகள், பிள்ளைகள், எல்லாரும் குனிந்தார்கள். எதிரே வந்தவர்களில் முன்னால் நின்றது இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன், ரப்பர் செருப்பு, கசங்கிய சட்டை. ஹூலா-ஹூலா வீட்டுப் பிள்ளை. அவன் இரண்டு கையையும் விரித்து, அறுபது வயது மனிதரின் தலைக்கு மேல் ஆசியாக வைத்து ஆடினான். பிறகு ஒரு பிடி அரிசியை எடுத்து அவர் தலையில் போட்டான். அவர் கண் கலங்கியிருந்தது, அவனுக்கும்தான். மச்சான் என் பக்கம் திரும்பவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பன்றிக்கறி சாக்சாங், ரத்தம் சேர்த்துச் சமைத்தது. பன்றி சாப்பிடாதவர்களுக்குத் தனி மேசையில் கோழியும் மீனும். அதற்கப்புறம் எருமைக்கறியைப் பங்கு வைத்தார்கள். ஜம்பார் என்கிறார்கள். எந்த உறுப்பு யாருக்கு என்று முறை இருக்கிறது. தாடை ஒரு கூட்டத்துக்கு, விலா ஒரு கூட்டத்துக்கு. மைக்கைப் பிடித்து வாதாடினார்கள். அரை மணி நேரம் ஒரு துண்டுக்காகப் பேச்சு. கறி பெரிய விஷயமில்லை, அந்தத் துண்டை வாங்கும்போது உன் முறையை ஊர் முன்னால் சொல்கிறார்கள் என்று எங்களை அழைத்த பெரியவர் சொன்னார். அம்பாரிதாவின் கல் நாற்காலியில் எனக்குக் கிடைக்காத பதில் இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் கிடைத்தது.

பாட்டியைச் சில ஆண்டுகள் கழித்துத் தோண்டி எடுப்பார்கள். எலும்பைக் கழுவி, இன்னொரு விருந்து வைத்து, வம்சத்துக்கென்று கட்டிய உயரமான கல்லறை மாடத்தில் சேர்ப்பார்கள். தீவில் வயல் நடுவே, சரிவில், எங்கே பார்த்தாலும் அந்த மாடங்கள்தான். சில உயிரோடிருப்பவர்களின் வீட்டைவிட நன்றாக வண்ணம் அடித்திருக்கின்றன.

செவ்வாய், பாங்குருரான்

மேற்குக் கரைக்கு வந்தாயிற்று. சமோசிர் உண்மையில் ஒட்டிக்கொண்டிருந்த நிலம்தான். பாங்குருரான் பக்கம் ஒரு மெல்லிய மண்பாலம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் அதை வெட்டி வாய்க்கால் ஆக்கியபிறகு தீவு முழுத் தீவானது. வாய்க்கால்மேல் இப்போது புதுப் பாலம். எதிரே புசுக் புஹித் மலை, இரண்டாயிரம் மீட்டரை ஒட்டி. பத்தாக்குகளின் முதல் மூதாதை சி ராஜா பத்தாக் அதன் அடிவாரத்தில்தான் பிறந்தார் என்பது நம்பிக்கை. அடிவாரத்தில் வெந்நீர் ஊற்று, கந்தக நாற்றம். மச்சான் குளித்தார், நான் பையைப் பார்த்துக்கொண்டேன்.

அதற்கு முன் வழியில் லும்பான் சுஹி-சுஹி என்ற நெசவு கிராமம். பழைய வீடுகளின் வாசலில் பெண்கள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து உலோஸ் நெய்கிறார்கள். தறியின் ஒரு கோடி எதிரே கட்டையில், இன்னொரு கோடி நெய்பவரின் இடுப்புக்குப் பின்னால் மரப்பட்டையில். பாவு இறுக்கமாக வேண்டுமென்றால் முதுகைப் பின்னால் சாய்க்கவேண்டும். தொடர்ந்து பார்த்தால் நமக்கே இடுப்பு வலிக்கும். முன்பெல்லாம் நீலம் அவுரியிலிருந்தும் சிவப்பு நுணா வேரிலிருந்தும் எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் கடை நூல். ராகிடுப் என்ற உயர்ந்த வகையை மூன்று பகுதியாக நெய்து இணைக்கவேண்டும், மாதக்கணக்கு வேலை.

எனக்கு ஒன்று வாங்கலாம் என்று எடுத்துப் பார்த்தேன். நெய்த அம்மாள் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார். உலோஸ் தனக்குத்தானே வாங்கிப் போட்டுக்கொள்கிற துணி இல்லையாம்; மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குப் போர்த்துவது. ஹூலா-ஹூலா போருவுக்கு. கூட வந்தவர் யார் என்று கேட்டார். கூட வந்த ஓட்டுநர் பையன் உடனே சொல்லிக்கொடுத்துவிட்டான்.

அம்மாள் ராகி ஹோத்தாங் என்ற வகையைத் தேர்ந்தெடுத்தார், கல்யாணத்தில் மருமகனுக்குப் போர்த்துவது. விலையைச் சொன்னார். மச்சான் மூன்று நாளாக நிமிர்த்தி வைத்திருந்த முதுகு லேசாகத் தளர்ந்தது. பேரம் பேசப் பார்த்தார். ஹூலா-ஹூலா உலோஸுக்குப் பேரம் பேசுவதா என்று பக்கத்துத் தறிகளிலிருந்து சிரிப்பு. கடைசியில் கொடுத்தார். அம்மாள் விடவில்லை, இரண்டு கையாலும் என் தோளில் போர்த்தி முனையை இறுக்கி இழுத்துவிடச் சொன்னார். மச்சான் கொஞ்சம் வெட்கத்தோடு போர்த்திவிட்டு, "நல்லா இருங்க மாப்பிள்ளை" என்றார்.

மேடான் பெரியவர் சொன்ன சால்வையும் கிடைத்துவிட்டது. இங்கே ராத்திரி நன்றாகவே குளிர்கிறது.

புதன், கபாஞ்சாஹே

படகு வேண்டாம் என்று பாலத்தின் வழியாகவே வெளியேறினோம். தேலே வரை கொண்டை ஊசி வளைவுகள், மேலே போனால் முழுத் தீவும் கீழே கிடக்கிறது. சிடிகாலாங்கில் காப்பி குடித்தோம். இந்தப் பக்கத்துக் காப்பி இந்தோனேசியா முழுக்கப் பேர் போனது. அதற்குப் பிறகு காரோ பத்தாக்குகளின் மேட்டுநிலம், முட்டைக்கோஸும் ஆரஞ்சும்.

வாடகை வண்டி ஓட்டுநர் காரோக்காரர், மர்கா செம்பிரிங். நாங்கள் தமிழர்கள் என்றதும் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, செம்பிரிங்கின் உட்பிரிவுகளை வரிசையாகச் சொன்னார்: சோலியா, பாண்டியா, பெலாவி, பிராமணா. எங்களுக்கு எதையும் விளக்கவேண்டியிருக்கவில்லை. சுமத்ராவின் மேற்குக் கடற்கரையில் பாருஸ் என்ற பழைய துறைமுகம் இருக்கிறது. பக்கத்தில் லோபு துவாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1010, அதாவது 1088ஐச் சேர்ந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வெட்டியது. வருகிற கப்பல்காரர்கள் கஸ்தூரி விலையை வைத்துப் பொன்னில் வரி கட்டவேண்டும் என்று அதில் இருக்கிறது. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி படித்து வெளியிட்டார். பாருஸுக்கு வந்தவர்கள் தேடியது கற்பூரம். அது உள்காட்டிலிருந்து பத்தாக்குகளின் முதுகில்தான் இறங்கியது. அந்தத் துறைமுகத்துத் தமிழர்களில் சிலர் மலையேறி இந்தக் குலமாகக் கலந்தார்கள் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். ஓட்டுநருக்கு அதில் சந்தேகமே இல்லை. என்னைப் பார்த்து, நீங்கள் சோலியாவா, பாண்டியாவா என்றார். மதுரை என்றேன். பாண்டியா என்று முடிவு செய்துவிட்டார்.

மதியம் கபாஞ்சாஹேயில் காரோ பாணிப் பன்றி வறுவல் கடை. உட்காரும்போதே மச்சான் தன் பெருமையை ஓட்டுநரிடம் சொல்லிக்கொண்டிருந்தார், கைபேசி மொழிபெயர்ப்பின் உதவியோடு. ஓட்டுநர் ஒரேயடியாக ஆமோதித்தார். காரோவில் பெண் கொடுத்த வீட்டாருக்குக் கலிம்புபு என்று பெயர். கண்ணுக்குத் தெரிகிற கடவுள் என்று அவர்களைச் சொல்வார்கள். மச்சான் அதை எழுதித் தரச் சொல்லி வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார், ஊருக்குப் போய்த் தங்கையிடம் காட்டவேண்டுமாம்.

அப்புறம் ஓட்டுநர் என்னிடம் திரும்பினார். கடவுள் உட்கார்ந்துதான் இருப்பார்; விசேஷ வீட்டில் அடுப்பு மூட்டுவது, இலை போடுவது, பரிமாறுவது எல்லாம் பெண் வாங்கியவன் வேலை. கறியும் அவன் செலவு.

"கேட்டுச்சா மாப்பிள்ளை?" என்றார் மச்சான். "எனக்கு இன்னொரு தட்டு."